ஓலை, மட்டை, பாளை: சீயமங்கலம் பக்கத்துப் பனை விளையாட்டுப் பொருட்களின் வரலாறு

செஞ்சிக் கோட்டையிலிருந்து வடக்கே போனால் தேசூருக்குப் பக்கத்தில் சீயமங்கலம் என்ற சிற்றூர் இருக்கிறது. இன்றைய கணக்கில் திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டம். ஊரில் ஒரு பாறை, பாறையைக் குடைந்து ஒரு சிவன் கோயில். குடைவித்தவர் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர், காலம் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கோயிலுக்கு அவர் வைத்த பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம் என்று அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு சொல்கிறது. அவனிபாஜனன், லளிதாங்குரன், விசித்திரசித்தன், மத்தவிலாசன் எல்லாமே அவருடைய பட்டப்பெயர்கள்தான். (மனிதருக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொள்வதில் அவ்வளவு ஆசை!) இன்று சாமிக்குப் பெயர் தூணாண்டார். அங்கே அரைத்தூண் ஒன்றின் மேல்பகுதியில் சிவன் ஆடுகிற சிறிய சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பழைய நடராசர் சிற்பங்களில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள்.

வரலாற்றுப் புத்தகத்தில் சீயமங்கலம் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். கல் இருக்கிறது, அதனால் வரலாறு இருக்கிறது. ஆனால் அந்தப் பாறையை உளியால் குடைந்தவர்களின் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள்? அவர்கள் வீட்டுப் பெண்கள் காதில் என்ன போட்டிருந்தார்கள்? தானிய அளவையோ கடன் கணக்கையோ எதில் எழுதி வைத்தார்கள்?

பாறையில் இதற்குப் பதில் இல்லை. செஞ்சி, வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து ஏரிக்கரைகளில் இருக்கிறது. பனைமரம்!

இதே மகேந்திரவர்மர் செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே மண்டகப்பட்டில் இன்னொரு குடைவரை செய்தார். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்ற பொருளில் அங்கே கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறார். எல்லாரும் இதை மன்னரின் பெருமையாகத்தான் படிக்கிறோம். கொஞ்சம் திருப்பிப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கும். அதுவரை கட்டியதெல்லாம் செங்கல், மரம், சுண்ணாம்பு. அதாவது அழியக்கூடியவை. அழிந்தும் போய்விட்டன. கோயிலுக்கே அந்தக் கதி என்றால் ஓலைப் பொம்மைக்கு என்ன கதி?

ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஓலைப் பொம்மை இன்னும் அழியவில்லை. ஒரு பொம்மையின் ஆயுள் இரண்டு நாள்தான். ஆனால் அடுத்த வருடம் வேறொரு பிள்ளை அதே பொம்மையைச் செய்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் அண்ணனோ அக்காவோ செய்து காட்ட, அதைப் பார்த்துச் செய்கிறது. இப்படியே வந்திருக்கிறது. அந்தக் கைவேலைகளில் சிலவற்றின் வரலாற்றையும், அவற்றை வீட்டில் செய்யும் முறையையும் பார்க்கலாம்.

பனை இந்த வட்டாரத்துக்கு எவ்வளவு பழையது என்று கேட்டால் ஊர்ப்பெயரே சாட்சி. செஞ்சிக்குத் தெற்கே பனமலை என்று ஒரு ஊர். அங்கே குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய சிவன் கோயில் இருக்கிறது. சாமியின் பெயர் தாளகிரீசுவரர். தாளம் என்றால் வடமொழியில் பனை, கிரி என்றால் மலை. 1300 ஆண்டுகளுக்கு முன் அரசன் கோயில் கட்டிய இடத்தில் சாமிக்கே பனையின் பெயர்தான்.

காதில் போட்ட ஓலை

மிகச் சுலபமான கைவேலையிலிருந்து தொடங்கலாம். இளம் ஓலையில் ஒரு விரல் அகலத்துக்கு, இரண்டு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, நடுவில் ஓடும் ஈர்க்கை நீக்கிவிட வேண்டும். ஒரு நுனியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும், பாய் சுருட்டுவது போல. முடித்ததும் விரலை எடுத்தால் சுருள் கொஞ்சம் விரியும். அவ்வளவுதான். காதோலை தயார்!

இதிலா வரலாறு இருக்கிறது? இருக்கிறது. சுருளின் அந்த 'கொஞ்சம் விரியும்' குணம்தான் முக்கியம். காது குத்திய துளையில் ஓலைச் சுருளை வைத்தால் அது மெதுவாக விரிந்து துளையைப் பெரிதாக்கும். சில நாள் கழித்து இன்னும் பெரிய சுருள் வைப்பார்கள். காது வளர்ப்பது என்பது இதுதான். தொங்கும் காது அழகு என்று நினைத்த காலத்தில் பொன்னுக்கு வழியில்லாதவர்களுக்கு ஓலையே நகை. பல்லவ, சோழச் சிற்பங்களில் சில காதுகளில் பெரிய வட்டச் சுருளாக ஓர் அணி தெரியும். பத்ர குண்டலம் என்பார்கள். பத்ரம் என்றால் இலை, ஓலை.

தமிழில் நகையின் பெயரே இதைச் சொல்கிறது. தோடு என்ற சொல்லுக்கு ஓலை என்றும் ஒரு பொருள் உண்டு. திருஞானசம்பந்தரின் முதல் பதிகமே சிவனின் காதில் உள்ள தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இன்று வைரத் தோடு, பிளாஸ்டிக் தோடு என்கிறோம். வைர ஓலை, பிளாஸ்டிக் ஓலை என்று சொல்வது மாதிரிதான் அது!

காதில் ஓலை போடும் வழக்கம் மறைந்தாலும் வழிபாட்டில் அது தங்கிவிட்டது. ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரைகளில் காதோலை கருகமணி வைத்துப் படைப்பார்கள். பூசைச் சாமான் கடையில் சின்ன ஓலைச் சுருளும் கருப்பு மணியும் சேர்த்து விற்கும். ஆற்றுக்குக் கொடுக்கும் நகை அது. மக்கள் பொன் நகைக்கு மாறிய பிறகும் காவிரிக்கும் மற்ற ஆறுகளுக்கும் பழைய நகையையே கொடுக்கிறார்கள்.

எழுத்தும் கைவேலைதான்

காகிதம் வருவதற்கு முன் புத்தகம் என்பது கடையில் வாங்கும் பொருள் இல்லை. செய்யும் பொருள். அதுவும் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில்.

ரொம்ப இளசும் இல்லாமல் முற்றலும் இல்லாத ஓலையாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவில் நறுக்குவார்கள். மஞ்சள் சேர்த்த நீரில் வேகவைத்து நிழலில் காயப்போடுவார்கள். மஞ்சள் பூச்சியைத் தள்ளி நிறுத்தும். காய்ந்த ஓலையைச் சங்கு அல்லது வழவழப்பான கல்லால் தேய்த்தால் பளபளப்பு வரும். துளை போட்டுக் கயிறு கோத்தால் சுவடி. மேலும் கீழும் காவலுக்கு வைக்கும் சட்டத்துக்குக் கம்பை என்று பெயர். துளையில் செருகும் உலோகக் கம்பி நாராசம். கயிற்றின் நுனியில் ஓலையை மடித்து முடிச்சுப் போட்டிருப்பார்கள், அதற்குப் பெயர் கிளிமூக்கு. பார்த்தால் கிளியின் மூக்கு மாதிரியே இருக்கும்.

எழுத்தாணியால் எழுதும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கீறல்தான் விழும். பிறகு விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவி, துடைத்துவிட்டால் கீறலுக்குள் மட்டும் கருப்புத் தங்கும். எழுத்து பளிச்சென்று தெரியும்.

இதை ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்க்கலாம். காய்ந்த ஓலைத் துண்டு, ஜியாமெட்ரி பாக்ஸில் உள்ள காம்பஸ், அகல் விளக்கின் மேல் தட்டைக் காட்டி எடுத்த கரி, இரண்டு சொட்டு எண்ணெய், பழைய துணி. இவ்வளவு போதும். பெயரை எழுதிக் கரி தடவித் துடைத்துப் பாருங்கள். முதல் முயற்சியில் ஓலை கிழியும். எங்கே கிழிகிறது என்று கவனியுங்கள். நார் ஓடும் திசையில் நீளமாக நேர்கோடு இழுத்தால் அங்கேதான் பிளக்கும். புள்ளி வைக்க அழுத்தினால் ஓட்டை விழும்.

இப்போது தமிழ் எழுத்தைப் பாருங்கள். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் எழுத்து கோணல்கோணலாக, நேர்கோடுகளாக இருந்தது. பின்னால் வளைவுகள் கூடின. அதற்கு ஓலையும் ஒரு காரணம் என்பது அறிஞர்கள் பலர் சொல்லும் கருத்து. புள்ளி விஷயம் இன்னும் வேடிக்கை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்தான் எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டுக்கு இன்றைய வடிவம் கிடைக்க வழிசெய்தார். ஓர் ஏட்டைப் படிப்பதே ஒரு புதிரை விடுவிப்பது போலத்தான். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பட்ட பாட்டில் பாதி, ஓலையின் நார் கொடுத்த பாடு!

சிந்தாமணியைச் சொன்னதும் சீயமங்கலத்துக்குத் திரும்பலாம். அங்கே குடைவரைக்கு அருகில் உள்ள குன்றில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர். காலம் 9-ஆம் நூற்றாண்டு. செஞ்சி, வந்தவாசிப் பக்கத்தில் இன்றும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுடைய மடம் செஞ்சிக்கு அருகே மேல்சித்தாமூரில் இருக்கிறது. சமணர்கள் போற்றும் நான்கு தானங்களில் ஒன்று சாஸ்திர தானம். அதாவது ஒரு நூலைப் படியெடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது. சோறு போடுவதும் மருந்து கொடுப்பதும் எப்படிப் புண்ணியமோ, ஓலையில் நூலைப் பெயர்த்தெழுதச் செய்து கொடுப்பதும் அப்படிப் புண்ணியம்.

இதை வெறும் பக்தி என்று தள்ளிவிட முடியாது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஓலைச்சுவடி இரண்டு, மூன்று நூற்றாண்டுகள் தாங்கினால் பெரிய விஷயம். கறையான், செல், ஈரம், தீ என்று எத்தனையோ எதிரி. ஆகவே ஓர் ஆயிரம் ஆண்டு பழைய நூல் நம் கையில் இருக்கிறது என்றால் யாரோ அதை நான்கைந்து முறையாவது கையால் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு தலைமுறை சலித்துக்கொண்டு விட்டிருந்தால் நூல் போயிற்று. அப்படிப் போனவையும் நிறைய. சிதைந்த ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடுவதும் தீயில் இடுவதும் இருந்ததை உ.வே.சா. வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

தமிழில் முதல் அச்சுப் புத்தகமான தம்பிரான் வணக்கம் 1578-லேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டிலும் திண்ணைப் பள்ளிப் பையன்கள் ஓலையில்தான் படித்தார்கள். காகிதம் காசு, ஓலை இலவசம். வேறு காரணம் வேண்டியதில்லை.

இன்னொன்று. வந்தவாசியிலிருந்து அதிகத் தூரமில்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்கின்றன. 30 குடும்புகள். ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலைத் துண்டில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் நிற்கவே தகுதி கிடையாது. கிளாஸ் லீடர் தேர்வுக்கு இந்த முறையை ஒருமுறை செய்து பார்க்கலாம், சண்டை குறையும்.

முள்ளும் சக்கரமும்

இனி விளையாட்டுக்கு வருவோம்.

ஓலைக் காற்றாடி செய்ய ஒரு கை நீளத் துண்டு ஓலை, ஒரு கருவேல முள், ஒரு சோளத்தட்டை வேண்டும். ஓலையின் நடுவில் முள்ளைக் குத்தி முன்னும் பின்னும் ஆட்டி, துளையைச் சற்று இளக்க வேண்டும். ஒரு பக்க நுனியை வலப்புறமும் மறுபக்க நுனியை இடப்புறமும் லேசாக முறுக்க வேண்டும். முள்ளைத் தட்டையின் சக்கைக்குள் செருகிவிட்டுக் காற்றுக்கு எதிராக ஓடினால் சுற்றும். இரண்டு நுனியையும் ஒரே பக்கம் முறுக்கினால் சுற்றாது. ஏன் என்று பிசிக்ஸ் பாடத்தில் வரும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை அதை ஓடிப் பார்த்தே கண்டுபிடித்துவிடும். ஊரில் பனை இல்லாதவர்கள் தென்னை ஓலையில் செய்யலாம், கொஞ்சம் துவளும். பழைய காலண்டர் அட்டையும் பரவாயில்லை.

நுங்கு வண்டி சித்திரை, வைகாசிக்கு உரியது. அந்த நாட்களில் சாலையோரம் நுங்கு சீவிப் போட்ட கூடுகள் குவிந்து கிடக்கும். ஒரே அளவாக இரண்டு பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். முழங்கை நீளத்தில் ஓர் உறுதியான குச்சியை இரண்டு கூட்டின் நடுவிலும் குத்திச் சேர்த்தால் சக்கரமும் அச்சும் தயார். நுனி இரண்டாகப் பிரிந்த நீளமான கவைக்கொம்பு ஒன்று வெட்டி, அந்தப் பிளவை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். பிரேக் கிடையாது. இரண்டு மூன்று நாளில் கூடு காய்ந்து சுருங்கி வண்டி ஆட்டம் கண்டுவிடும். அதற்குள் அடுத்த நுங்கு வந்துவிடும்.

சிந்துவெளி ஊர்களில் சுடுமண்ணால் செய்த பொம்மை வண்டிகள் நிறையக் கிடைத்துள்ளன, அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. சூத்திரகர் எழுதிய வடமொழி நாடகம் ஒன்றுக்குத் தலைப்பே மண் வண்டிதான் (மிருச்சகடிகம்). நம் பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் உருட்டிய மூன்று கால் சிறுதேர் வருகிறது. நுங்கு வண்டி எந்தக் கண்ணாடிக்குள்ளும் இல்லை, மட்கிவிட்டது. எவ்வளவு பழையது என்று தேதி போட்டுச் சொல்லவும் வழியில்லை. ஆனால் சக்கரம் உருள்வதைப் பார்த்த பிள்ளையும் காலடியில் நுங்குக் கூடும் ஒரே இடத்தில் இருந்த நாளிலிருந்தே அது ஓடியிருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

பனைமட்டையும் சும்மா கிடக்கவில்லை. ஒருவன் மட்டையில் உட்கார இன்னொருவன் இழுத்துக்கொண்டு ஓடுவான், தெருவெல்லாம் புழுதி. மட்டையின் ஓரத்தில் இருக்கும் கருக்கு ரம்பம் போல அறுக்கும், உட்காரும் முன் அதைச் சீவிவிட வேண்டும். சங்க இலக்கியத்தில் இதே மட்டை ஒரு விபரீத வேலை செய்கிறது. காதலித்த பெண் கிடைக்காதவன் பனை மட்டையால் குதிரை செய்து, அதில் ஏறி ஊர் நடுவே வருவேன் என்று மிரட்டுவான். மடலேறுதல் என்று இலக்கணத்தில் படித்தது இதைத்தான். கருக்கு உடம்பைக் கிழிக்கும். அந்தக் குதிரையைச் செய்யக் கையில் கொஞ்சம் வேலைத்திறன் வேண்டும் என்பதை உரையாசிரியர் யாரும் பெரிதாகச் சொல்லவில்லை!

மட்டையின் அடியில் வலை போலப் பின்னிக் கிடக்கும் நார் பன்னாடை. அதை அப்படியே எடுத்துப் பதநீர் வடிகட்டலாம், தேநீரும் வடிகட்டலாம். நல்லதை எல்லாம் கீழே விட்டுக் கசடை மட்டும் பிடித்துக்கொள்ளும் என்பதால்தான் அது திட்டாகவும் ஆனது. நன்னூல் மாணவர்களை வகைப்படுத்தும்போது கடைசி வகைக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யரி என்றால் பன்னாடைதான். அடுத்த முறை வகுப்பில் யாராவது அப்படித் திட்டினால் இலக்கண மேற்கோள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு ஆள் வேண்டும்

இத்தனையும் படித்துவிட்டு ஓர் ஓலை வெட்டிக்கொண்டு வரலாம் என்று கிளம்பினால்தான் சிக்கல் தெரியும். பனை மொட்டையாக 60, 70 அடி உயரத்துக்கு நிற்கும். கிளை கிடையாது. குருத்தோலை உச்சியில் இருக்கிறது. ஏறத் தெரிந்தவர் ஏறினால்தான் உண்டு.

ஏறியவர்கள் ஓலைக்காக ஏறவில்லை, பதநீருக்கும் கள்ளுக்கும்தான் ஏறினார்கள். போகிற போக்கில் ஓலையும் நுங்கும் பாளையும் கீழே வந்தன, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்தது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. தடை சரியா தவறா என்பது தனி விவாதம், அது இங்கே வேண்டாம். தொழிலில் வருமானம் குறைந்தால் மகன் மரம் ஏறமாட்டான், வேறு வேலைக்குப் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது, தவறினால் உயிர் போகும் தொழில் அது. ஆனால் ஏறுபவர் இல்லாத மரத்தால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாத மரத்துக்குச் செங்கல் சூளைக்காரர் விலை சொல்வார். வெட்டுக்கூலி போகக் கையில் கொஞ்சம் நிற்கும். 50 ஆண்டு மரம் ஓர் இரவு சூளையில் எரிந்துவிடும். தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று பொது அறிவுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறோம், அதன் நிலை இது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது ஓலைப் பெட்டிக்குக் கொஞ்சம் மவுசு திரும்பியது. 2021-ல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில் 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் கொடுக்கப்படும் என்றும், பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள்.

மாவலி

கடைசியாக, இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டக் கிராமங்களில் கார்த்திகை தீபத்தன்று பிள்ளைகள் மாவலி சுற்றுவார்கள். மாவளி என்றும் சொல்வதுண்டு. மாவலிச் சக்கரவர்த்தியின் பெயரோடு சேர்த்து அதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். அன்று கோயில் முன்னால் பனைமரத் துண்டை நட்டு, ஓலை சுற்றிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள். அது ஊருக்குப் பொது. மாவலி அவரவர் கையால் செய்தது.

மூலப்பொருள் ஆண்பனையின் பூ. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனையில் நுங்கு காய்க்காது, விரல் விரலாக நீண்ட பூக்கதிர்தான் வரும். காய்ந்து கீழே விழுந்த கதிர்களைப் பொறுக்கி வந்து ஒரு குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். நன்றாகக் கனன்றதும் ஈரச் சாக்கையும் மண்ணையும் போட்டு மூடிவிட வேண்டும். காற்றுப் போனால் சாம்பல், காற்றுப் போகாவிட்டால் கரி. இந்த இடத்தில்தான் கைப்பழக்கம் தெரியும். அவசரப்பட்டுத் திறந்தால் எல்லாம் சாம்பலாகிவிடும், மறுபடி பூப் பொறுக்கப் போக வேண்டியதுதான். ஆறிய கரியை எடுத்து மாவாக அரைப்பார்கள். சிலர் கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள், படபடவென்று வெடிக்கும் என்று.

பழைய வேட்டித் துணியில் அந்தப் பொடியைக் கொட்டி ஒரு சாண் நீளத்துக்கு உருளையாக இறுக்கிச் சுருட்டி நூலால் கட்ட வேண்டும். லேசாகக் கட்டினால் பொடி கொட்டும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து நடுவில் இந்த உருளையை வைத்து மேலும் கீழும் கட்டினால், மட்டைகள் பொடிமூட்டையைக் கூண்டு போலப் பிடித்துக்கொள்ளும். மட்டை பச்சையாக இருப்பதால் சட்டென்று எரியாது. மேல் முனையில் ஓர் ஆள் உயரக் கயிறு கட்ட வேண்டும். இருட்டியதும் மூட்டையின் மேல் இரண்டு தணல் வைத்து ஊதிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். சுழலச் சுழலக் காற்றுப் பட்டுக் கரிப்பொடி பொறிபொறியாகக் கிளம்பும். ஆளைச் சுற்றி ஒரு நெருப்பு வட்டம்! வைக்கோல் போரும் கூரை வீடும் இல்லாத திறந்த வெளியில், பருத்தித் துணி உடுத்தி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். மொட்டை மாடியில் வேண்டவே வேண்டாம்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1920-களில். பட்டாசு அதற்கும் பின்னால். அதற்கு முன் கிராமத்துப் பிள்ளைக்குத் திருவிழா வெளிச்சம் வேண்டுமென்றால் தானேதான் செய்துகொள்ள வேண்டும். இதில் காசு கொடுத்து வாங்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. இன்னொரு விஷயம், சேர மன்னர்களின் அடையாளப் பூ பனம்பூ. போந்தை என்று அதைச் சொல்வார்கள். சேரன் தலையில் சூடியதைத்தான் இங்கே பையன்கள் கரியாக்கிச் சுற்றுகிறார்கள்.

நுங்கு காய்க்காத ஆண்பனையை வெட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. மாவலிக்குப் பூ வேண்டும் என்பது ஒரு பதில். ஆண்பனை இல்லாமல் பெண்பனையில் மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கும் என்பது இன்னொரு பதில்.

ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்தால் பொங்கலுக்குள் பனங்கிழங்கு வந்துவிடும். பிடுங்காமல் ஒன்றிரண்டை விட்டுவைத்தால் மரமாகும், அவசரமே படாமல். முதல் பாளை விட 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. 2021-ல் ஏரிக்கரையில் புதைத்த விதைகளில் எது மாவலிக்குப் பூக் கொடுக்கும், எது வண்டிக்கு நுங்கு கொடுக்கும் என்பது 2036 வாக்கில்தான் தெரியத் தொடங்கும்.